கோழி வைன்: ஆறு யூரோவுக்கு ஒரு நேர்மையான சிவப்பு

வீட்டுச் சாப்பாட்டோடு குடிக்க ஒரு சிவப்பு வைன் சொல்லுங்கள், விலை மட்டும் ஏறக்கூடாது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒரே பெயர்தான்: லா வியேய் ஃபெர்ம். பாரிஸில் எந்தப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் வைன் தட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஒட்டியிருக்கும் தாளில் ஒரு சேவலும் ஒரு பேட்டுக்கோழியும். இங்கிலாந்தில் இதைக் கோழி வைன் என்றே கேட்டு வாங்குகிறார்கள். அங்கே இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். விலை ஆறு யூரோவுக்கு முன்னே பின்னே. சலுகை போடும் கிழமைகளில் இன்னும் குறையும்.

நான் பாரிஸ் பதினோராம் வட்டாரத்தில் ஒரு சின்ன பிஸ்த்ரோவின் குசினியில் சமைக்கிறவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிறையப் பேர் தொடங்கிய இடத்தில்தான் நானும் தொடங்கினேன், கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால். எங்கள் முதலாளியம்மாவுக்கு ஒரு நல்ல பழக்கம். புது வைன் வந்தால், இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கமுதல், குசினிக்காரர், பரிமாறுகிறவர், கோப்பை கழுவுகிறவர் என்று எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றித் தருவார். ‘மணத்தைச் சொல், விலையைக் கேட்காதே’ என்பார். நான் வைன் படித்தது அங்கேதான். விலையைக் கேட்காமல் சுவையைச் சொல்லப் பழகினால், விலை குறைந்த போத்தலை மதிக்கவும் பழகிவிடுவோம்.

எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் அந்த மதிப்பு இன்னும் வரவில்லை. மண்டபத்து மேசைகளில் விஸ்கி ஓடும். வைன் என்றால், தங்க எழுத்தில் கோட்டைப் படம் போட்ட போர்தோப் போத்தல் ஒன்று அன்பளிப்பாக வரும். அதை யாரும் திறக்காமல் அலுமாரிக்கு மேலே வைப்பார்கள். ஆறு யூரோப் போத்தலை ஒருவர் கையில் கொண்டுவந்தால் மலிவாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அலுமாரிக்கு மேலே, குசினி வெக்கையில், ஐந்து வருடம் நின்ற கோட்டைப் போத்தலைவிட, நேற்று வாங்கி இன்று ஆட்டிறைச்சிக் கறியோடு திறக்கும் கோழிப் போத்தல் எவ்வளவோ மேல்.

இதை யார் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த மலிவுப் பார்வை கொஞ்சம் மாறும். ரோன் ஆற்றின் தெற்குப் பள்ளத்தாக்கில், ஷாத்தோனெஃப் டு பாப் என்ற ஊரைச் சுற்றிய வைன் வட்டாரத்தில், ஷாத்தோ த போகாஸ்தெல் என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. 1909இல் பியேர் திரமியே என்பவர் வாங்கியது. பிறகு அவருடைய மருமகன் வழியாகப் பெரன் குடும்பத்துக்கு வந்தது. அந்த ஊரின் வைனில் சேர்க்கலாம் என்று அனுமதித்த 13 வகைத் திராட்சையையும் விடாமல் வளர்க்கும் தோட்டம் அது. பத்துப் பன்னிரண்டு கோழி வைன் வாங்கும் காசு இருந்தால்தான் அவர்களுடைய ஒரு போத்தல் கைக்கு வரும். அதே குடும்பத்தில் ஜான் பியேர் பெரன் என்பவர் 1970ஆம் ஆண்டளவில் தொடங்கியதுதான் லா வியேய் ஃபெர்ம். பெரிய தோட்டத்துப் பழத்தைச் சேர்ப்பதில்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம் பழமும் வைனும் வாங்கி, தங்கள் கைப்பழக்கத்தால் கலந்து, அன்றாடம் குடிக்கிற விலையில் விற்கிறார்கள். மிராவால் என்ற தோட்டத்தில் பிராட் பிட்டோடும் ஆஞ்சலினா ஜோலியோடும் சேர்ந்து ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன் செய்யத் தொடங்கியதும் இதே குடும்பம்தான். அந்தப் போத்தலைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். கோழிப் போத்தலைப் பற்றித்தான் கதைக்க ஆள் குறைவு.

கலப்பு என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தயக்கம் வரும். அதற்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. தனிப்பனைக் கள்ளு என்றால் அதற்குத் தனி மரியாதை. ஒரே மரத்தில் இறக்கி, வேறெதுவும் சேராமல், முட்டியோடு வரவேண்டும். பல மரத்துக் கள்ளை ஒன்றாக ஊற்றினால் அது தவறணைக்குப் போகிற சாமான். வைனுக்கும் இதே கணக்கைப் போட்டு, ஒரே வகைத் திராட்சையில் செய்தது உயர்வு, கலந்தது தாழ்வு என்று நினைக்கிறார்கள். ஆனால் தென் ரோனில் கலப்பது மிச்சத்தைத் தள்ளிவிடுவதற்காக அல்ல. அங்கே வெயில் கடுமை. ஒரு வகை சீக்கிரம் பழுத்துச் சீனி ஏறிவிடும், இன்னொன்று பிந்திப் பழுத்துப் புளிப்பைக் காப்பாற்றும். ஒன்றில் நிறம் இல்லை, ஒன்றில் மணம் இல்லை. தனியாக நின்றால் ஒவ்வொன்றும் எங்கேயோ தடுமாறும். சேர்த்து நிறுத்துவதில்தான் அந்த ஊர்க்காரரின் கெட்டித்தனம் இருக்கிறது.

கோழிப் போத்தலில் நாலு வகை இருக்கிறது: கிரனாஷ், சீரா, கரிஞான், சன்சோ. கிரனாஷ் உடம்பைத் தருகிறது. பழச்சுவையும் மதுசாரமும் அதிலிருந்துதான், ஆனால் நிறம் கெட்டி இல்லை, காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துவிடும். சீரா நிறத்தையும் மிளகு வாசத்தையும் தரும். அந்த மிளகு வாசம் வெறும் கற்பனை இல்லை. ரொட்டண்டோன் என்ற ஒரு பொருள் சீரா பழத்தின் தோலில் இருக்கிறது. கறுப்பு மிளகுக்கு மணம் தருவதும் அதேதான் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிளகுச் சாமானோடு வளர்ந்த எங்களுக்கு இந்த வைன் அந்நியமாக இல்லாததற்கு அது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். சன்சோ மென்மையானது, பூ மணமும் சின்னப் பழங்களின் மணமும் அதனுடையது.

எனக்கு இதில் பிடித்தது கரிஞான். ஒருகாலத்தில் தென்பிரான்ஸில் எங்கே பார்த்தாலும் இதைத்தான் நட்டிருந்தார்கள். ஒரு கொடியில் நிறையக் காய்க்கும் என்பதுதான் காரணம். பிறகு, நிறையக் காய்ப்பதால் சுவை இல்லை, புளிப்பு அதிகம் என்று சொல்லி, ஐரோப்பிய மானியத்தை வாங்கிக்கொண்டு ஏராளமான தோட்டங்களில் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். தப்பி நின்ற கிழட்டுக் கொடிகள் இப்போது குறைவாகக் காய்க்கின்றன, அந்தக் குறைந்த பழத்தில் சுவை ஏறியிருக்கிறது. அன்று குறை என்று சொன்ன அதே புளிப்பு, இன்றைய கொதிக்கும் கோடைகளில் வைனைத் தூக்கி நிறுத்துகிறது. கோழிப் போத்தலில் இரண்டாவது வாய் குடிக்கத் தோன்ற வைப்பது கரிஞானின் புளிப்புத்தான்.

சரி, போத்தலுக்கு வருவோம். திறந்து, கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பார்த்தேன். நடுவில் நல்ல சிவப்பு, விளிம்பில் ஊதா. ஊதா இருந்தால் வைன் இளசு. கெட்டியான நிறம் இல்லை, கிண்ணத்துக்குப் பின்னால் வைத்த விரல் தெரியும். கறுத்து மை மாதிரி இருந்தால்தான் நல்ல சிவப்பு என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இந்த நிறமே ஒரு நல்ல சகுனம். நிறத்தை ஏற்றுவதற்காகத் தோலை அளவுக்கு மீறிப் பிழியவில்லை என்று அது சொல்கிறது.

மணம் உடனே வரவில்லை. கிண்ணத்தை மேசையிலேயே வைத்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். முதலில் செரி, பிறகு நசித்த ராஸ்பெரி, கொஞ்சம் நாவற்பழம். அதன் பின்னால் உடைத்த மிளகும் காய்ந்த தைம் இலையும். புது மரப்பீப்பாயின் வனிலா மணம் துளியும் இல்லை. இந்த விலையில் வனிலா மணம் வந்தால் நான் சந்தேகப்படுவேன். புது ஓக் பீப்பாய் ஒன்றின் விலையைப் பார்த்தால் ஆறு யூரோப் போத்தலுக்கு அது கட்டுப்படியாகாது. மரச் சீவல்களை ஊறப்போட்டு அந்த மணத்தை வரவழைப்பது உண்டு. அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் பழத்தின் மணத்தை அது மூடிவிடும். இங்கே பழம் திறந்தபடி நிற்கிறது.

வாயில் வைத்தால் முதலில் பழம், ஆனால் இனிப்பு இல்லை. நடுவில் புளிப்பு நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். துவர்ப்பு பல் முரசில் மெல்லிய மாவு பூசிய அளவுக்கு வந்து, சாப்பாட்டின் முதல் கவளத்தோடு மறைந்துவிடும். கடைசியில் மிளகு. விழுங்கியபின் சுவை நீண்ட நேரம் நிற்பதில்லை. ஐந்தாறு நொடி, அவ்வளவுதான். நடுவாயில் இன்னும் கொஞ்சம் சதை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். பெரிய வைனில் நடக்கும் அந்த விஷயம், ஒரே வாயில் சுவை இரண்டு மூன்று தரம் மாறுவது, இதில் நடக்காது. தனியாக, சாப்பாடு இல்லாமல், யோசித்துக்கொண்டே குடிக்க இந்தப் போத்தல் அல்ல. ஆனால் குறை என்று சொல்லக்கூடிய எதுவும் முன்னுக்கு வந்து நிற்கவில்லை. மதுசாரம் 13 சதவீதத்தை ஒட்டித்தான், தொண்டை எரியவில்லை. எரியாமல், இனிக்காமல், கைக்காமல் ஒரு சிவப்பு வைனை இந்த விலைக்கு வருடா வருடம் ஒரே சீராகக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது, ஒரே கறியை ஒவ்வொரு நாளும் ஒரே சுவையில் இறக்க வேண்டிய சமையற்காரனுக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இதில் மரியாதை.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த வைனைப் பிடிக்கவில்லை என்றவர்கள் அநேகமாக எல்லோரும் இதைச் சூடாகக் குடித்தவர்கள். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற சொல் வந்த காலத்தில் அறைகளில் ஹீற்றர் இல்லை. இன்றைக்குப் பாரிஸ் அடுக்குமாடி வீட்டில் குளிர்காலத்தில்கூட 21, 22 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் மதுசாரம் மூக்கில் ஏறும், பழம் குழைந்துவிடும். முக்கால் மணிநேரமளவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 15, 16 பாகையில் இது வேறு வைன். கோடையில் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தாலும் பரவாயில்லை. துவர்ப்புக் குறைந்த வைன் என்பதால் குளிர் அதைக் கெடுக்காது.

எங்கள் சாப்பாட்டோடு எப்படி? இதைத்தான் நான் கவனமாகப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது.

ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும்: நன்றாகப் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தங்களோடு பிணைத்துக்கொள்ளும். வைன் மெதுவாகிவிடும், கறியின் கனம் குறைந்து தெரியும். வறுத்த தூளில் இருக்கிற மல்லி, சோம்பு, மிளகு எல்லாம் சீராவின் மிளகோடு கைகோர்க்கும். ஆனால் செத்தல் மிளகாய் கூடிவிட்டால் எல்லாம் போச்சு. உறைப்பும் மதுசாரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். வாய் எரியும், வைனில் பழம் இருந்த இடமே தெரியாது. வைன் வைக்கும் நாளில் நான் மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டுவேன், முதற்பாலைக் கொஞ்சம் தாராளமாக விடுவேன். வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை.

மட்டன் ரோல்ஸ், பொரித்த ஈரல், கத்தரிக்காயைப் பொரித்து வைக்கும் பால்கறி: மூன்றுக்கும் அருமை. எண்ணெயை வெட்ட இந்தப் புளிப்புப் போதும். கத்தரிக்காயோடு இது இப்படிச் சேரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கோழியை அடுப்பில் வாட்டி, உருளைக்கிழங்கோடு வைத்தால் கேட்கவே தேவையில்லை. கொத்துரொட்டிக்கும் சரி, சந்தியில் வாங்கியதாக இருந்தாலும்.

மீனுக்கு வேண்டாம். கருவாட்டுக்கு வேண்டவே வேண்டாம். சிவப்பு வைனில் கரைந்திருக்கும் இரும்புதான் கடலுணவின் வாடையைக் கிளப்பிவிடுகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்க முதலே ஒரு துண்டு சூடைக் கருவாடு எனக்கு அதை விளக்கிவிட்டது. ஒடியற்கூழுக்கும் இது ஒத்துவராது. கூழுக்குப் பக்கத்தில் நான் எந்த வைனையும் வைக்கமாட்டேன்.

என் மச்சானுக்கு இதை ஊற்றிக் கொடுத்தபோது அவர் முகம் சுளித்தார். “உதென்னடாப்பா, கயருது. இனிப்பே காணேல்ல?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வைன் என்று நாங்கள் அறிந்தது ரோசரியன் மடத்துக் கன்னியர் செய்து விற்கும் போத்தல். கறுவாவும் கராம்பும் மணக்க, இனிப்பாக இருக்கும். நத்தாருக்கு வாங்கிக் கேக்கோடு குடிப்பது. அதுவும் நல்லதுதான், எனக்கு இன்றைக்கும் ஆசை. ஆனால் அது சாப்பிட்டு முடித்தபின் குடிக்கும் சாமான். சோற்றோடும் இறைச்சியோடும் குடிக்கும் வைன் இனித்தால் மூன்றாவது வாயிலேயே திகட்டிவிடும். மச்சானிடம் இதை வாதாடவில்லை. “அண்ணை, ஒரு ரோல்ஸ் கடியுங்கோ, அப்புறம் குடியுங்கோ” என்றேன். குடித்தார், இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். “ம்ம், இப்ப பரவாயில்லை” என்றார். அவர் வாயிலிருந்து வைனுக்கு வந்த முதல் நல்ல சொல் அது.

இனிப்பைப் பற்றிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே தட்டில், இதே விலையில், கறுப்பும் சிவப்புமாகத் தாள் ஒட்டிய சில போத்தல்கள் நிற்கும். குடித்தவுடன் யாருக்கும் பிடித்துவிடும், ஏனென்றால் சீனியை மிச்சம் விட்டிருப்பார்கள். ஐரோப்பியக் கணக்கில் சீனி இல்லாத வைன் என்றால் பொதுவாக லீற்றருக்கு நாலு கிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த இனிப்புச் சிவப்புகளில் சில அதைப்போல் பல மடங்கு போகும். அந்தச் சீனி பழத்தின் குறையை மறைக்கிறது, அடுத்த வாய்க்கு அவசரப்படுத்துகிறது. புதிதாக வைன் பழகுகிறவர்கள் அதில் தொடங்கினால் மற்றதெல்லாம் புளிப்பாகவே படும். அவர்களுக்காகத்தான் நான் கோழிப் போத்தலைச் சொல்கிறேன். விலையால் யாரையும் பயமுறுத்தாது, அதே நேரம் உண்மையான சிவப்பு வைன் எப்படி இருக்கும் என்று சரியாகக் காட்டும்.

கடையின் சொந்தப் பெயரில் வரும் நாலு யூரோ கோட் டு ரோன், அதாவது ரோன் பள்ளத்தாக்கின் பெயர் போட்ட, போத்தல்களையும் இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிலது நன்றாக இருந்தது, சிலதில் வேகவைத்த பழத்தின் மணம். அதிலேயே ஒரு நல்லது கிடைத்தாலும் அடுத்த முறை அதே சுவை வரும் என்று நம்பி வாங்க முடியவில்லை. கோழிப் போத்தலில் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதற்காக இரண்டு யூரோ கூடக் கொடுப்பேன்.

ஒரு மாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை இந்தச் சிவப்பின் தாளில் வோன்டூ என்று ஊர்ப் பெயர் இருந்தது. 1,900 மீற்றருக்கு மேல் உயர்ந்த, சைக்கிள் பந்தயத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த மொட்டை மலையின் அடிவாரம். பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் மலைக்குளிர் இறங்கும். மிஸ்திரால் காற்று பழத்தைக் காயவைத்து நோயைத் தள்ளி வைக்கும். அந்தக் குளிர்தான் புளிப்பைக் காக்கிறது. இப்போது தாளில் இருப்பது வான் த பிரான்ஸ், அதாவது பிரான்ஸின் எந்தப் பகுதிப் பழத்தையும் சேர்க்கலாம் என்று 2009இல் வந்த பிரிவு. விற்பனை இவ்வளவு பெருகியபின், ஒரு வருடம் உறைபனியோ ஆலங்கட்டி மழையோ ஒரு பள்ளத்தாக்கை அழித்தால் இன்னொரு இடத்துப் பழத்தால் சமாளிக்க அது உதவும், எனக்குப் புரிகிறது. சுவையில் பெரிய வித்தியாசமும் நான் காணவில்லை. ஆனாலும் ஊர்ப் பெயர் போனது எனக்குக் கவலைதான். ஊரைச் சொல்லி விற்பதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்த மலையை நம்பி இருக்கும் விவசாயிக்கு அந்தப் பெயர் ஒரு காவல். வோன்டூ என்ற பெயரோடே வேறு ஆட்களின் போத்தல்கள் இதே தட்டில், ஓரிரு யூரோ கூட விலையில் இருக்கின்றன. அவற்றையும் இடைக்கிடை வாங்குங்கள்.

திறந்த போத்தலை என்ன செய்வது என்று கேட்பார்கள். மூடியை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் இரவும் நன்றாகவே இருக்கும், மிளகு மணம் இன்னும் தெளிவாகக்கூட வரும். மூன்றாம் நாள் பழம் போய்விடும். நான் ஒருதரம் வெளியே சாப்பிடப் போன இடத்தில் வீட்டு வைன் என்று ஊற்றித் தந்தது வினாகிரி வாடை அடித்தது, போத்தல் எத்தனை நாள் திறந்திருந்ததோ. அதைக் குடித்தவர் சிவப்பு வைன் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து வாழ்நாள் முழுக்க ஒதுங்கியிருப்பார். மலிவான வைனைக் கவனமில்லாமல் கையாண்டுவிட்டு, பிறகு மலிவு என்று அதையே குறை சொல்வது எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று. எங்கள் சமூகத்தில் குடியால் உடைந்த குடும்பங்களை, பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லாஷப்பலில் வாழ்கிற எவருக்கும் தெரியும். ஆறு யூரோ என்பது கைக்கு எட்டும் விலை, அதுவே ஆபத்தும்கூட. பிரெஞ்சுச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கு, கிழமைக்குப் பத்துக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாட்களும் இருக்க வேண்டும். குடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்கத் தேவையே இல்லை. குடிக்கிறவர் சாப்பாட்டோடு, உட்கார்ந்து, பேசிக்கொண்டு குடிக்கட்டும் என்பதுதான் என் விருப்பம். நின்றபடி விஸ்கியை ஊற்றி இறக்கும் மண்டபப் பழக்கத்துக்கு மாற்றாக ஒரு போத்தல் சிவப்பை ஆறு பேர் சாப்பாட்டோடு பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு கிண்ணத்தோடு முடிந்துவிடும்.

புள்ளி போடச் சொன்னால், இந்த விலைக்குள் பத்துக்கு எட்டு. விலையை மறைத்துவிட்டு வெறும் வைனாகக் கேட்டால் ஆறரை. வயதாக்க வைக்காதீர்கள். தாளில் பழம் பறித்த ஆண்டைப் பார்த்துப் புதியதை எடுங்கள். நாலு வருடத்துக்கு மேல் பழையது தட்டில் நின்றால் விட்டுவிடுங்கள். பிறந்தநாள், கலியாண நாள் என்று ஒருவருக்குக் கொடுப்பதென்றால் இன்னும் ஒரு ஏழெட்டு யூரோ போட்டு இதே பள்ளத்தாக்கின் ரஸ்தோ அல்லது வகேராஸ் ஊர் வைன் ஒன்று வாங்குங்கள். அதே கிரனாஷும் சீராவும்தான், ஆனால் இதில் நான் காணாத அந்த நடுவாய்ச் சதை அங்கே இருக்கும்.

சமையலுக்கும் இதைத்தான் எடுப்பேன். மாட்டுக் கன்னத்து இறைச்சியை மூன்று மணிநேரம் அவியவிடும் கறிக்கு முக்கால் போத்தல் போகும். வைனை நேரே இறைச்சியில் ஊற்றாதீர்கள். வெங்காயம் நன்றாகச் சிவந்தபின் ஊற்றி, பாதியாக வற்றும்வரை தனியாகக் கொதிக்கவிட்டு, பச்சைப் புளிப்பு மணம் போனபின் இறைச்சியைச் சேருங்கள். ஒரு துண்டு கறுவாவும் பத்துப் பன்னிரண்டு மிளகும் போதும். உப்பைக் கடைசியில் பாருங்கள், ஏனென்றால் வற்ற வற்ற உப்பு ஏறும்.